அரசர் வண்டியும் நடுப்படுக்கையும்

பிள்ளைகளின் பகற்கனவுகளைப் பெற்றோர் எளிதில் அறிவதில்லை. அறிய நேரும்பொழுது அவை பெரும்பாலும் ஒரு வருத்தத்தின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

தில்லிவாழ் அன்பர்கள் பலர் சாணக்கியபுரியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தைக் கண்டிருப்பீர்கள். 1977-இல் திறக்கப்பெற்ற அக்கூடத்தில், வேல்ஸ் இளவரசருக்காக 1875-இல் அமைத்த சலூன் வண்டியும், மைசூர் மகாராஜாவுக்காக 1899-இல் அமைத்த சலூன் வண்டியும் நிற்கின்றன. மைசூர் வண்டி தேக்கினால் ஆனது. பொன்னும் தந்தமும் இழைத்தது. சென்ற குளிர்காலத்தில் ஒன்பது வயதுடைய என் மகனை அங்கே அழைத்துச் சென்றேன். மைசூர் வண்டியின் சன்னலருகே நின்றவன் நகரவே இல்லை.

"அப்பா, இவ்வளவும் ஒருவருக்கா?" என்று வினவினான்.

"அரசர் அல்லவா?" என்றேன். அத்துடன் அதனை மறந்தும் போனேன். அவன் மறக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின் ஒரு நாள், அவன் விட்டுச் சென்ற உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பள்ளி வாயிலுக்குச் சென்றேன். தோழர் நடுவே நின்றிருந்தவன் விரைந்து வந்து வாங்கிக்கொண்டான். 'யார் அவர்?' என்று ஒருவன் கேட்க, 'எங்கள் வீட்டு வேலையாள்' என்று இந்தியில் மறுமொழி கூறியது என் செவியில் விழுந்தது. எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சலூன் வண்டி உண்டென்றும், தாத்தா பெரிய துரையாக இருந்தவர் என்றும் அவன் கதை கட்டியிருந்தது பின்னரே தெரிந்தது.

அன்று மாலை அவனை அடிக்கக் கை ஓங்கினேன். என் மனைவி தடுத்தாள். உண்மையில் அவள் மட்டுமா தடுத்தாள்? என் நினைவும் தடுத்தது.

என் தந்தையார் அரக்கோணம் பகுதியில் கீமேன் வேலை பார்த்தவர். நாள்தோறும் தண்டவாளத்தின் வழியே நடந்து, தளர்ந்த பிடிகளை அடித்து இறுக்குவதும், பழுது கண்டால் கொடி காட்டி வண்டியை நிறுத்துவதும் அவர் தொழில். குளிர்காலத்தில் இரும்பு சுருங்கித் தண்டவாளம் விரிசல் காணக்கூடும் என்பதால் அக்காலத்தில் கவனம் மிகுதியாக வேண்டும். நானோ பள்ளியில் 'ஸ்டேஷன் மாஸ்டர் மகன்' என்று சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் சுத்தியலும் தோளுமாக அவர் இருப்புப்பாதையில் வந்தார். தோழருடன் நின்ற என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நடந்து போய்விட்டார். வீட்டிலும் அதுபற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவர் காலமாகும் வரையில் நானும் சொல்லவில்லை.

மே மாத விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்பட்டோம். இரயில்வே குமாஸ்தாவின் பாஸ் படுக்கை வகுப்போடு சரி. இரண்டாம் நாள் இரவு மூட்டுவலியுடைய என் தாயார் கீழ்ப்படுக்கையிலும், என் மனைவி சின்னவளை அணைத்தவாறு எதிர்ப்படுக்கையில் ஒடுங்கியும் உறங்கினர். கூடூர் கடந்து பொழுது புலரும் வேளையில், நடுப்படுக்கையிலிருந்த மகன் விழித்துக்கொண்டான். அடுத்த பாதையின் ஓரமாக ஒருவர் சுத்தியலுடன் நடந்து செல்வதைக் காட்டினேன்.

"உன் தாத்தா செய்த வேலை இதுதான்" என்று தொடங்கி, நான் முகம் திருப்பியதையும் சொல்லி முடித்தேன். இதற்கு முன் என் மனைவிக்குங்கூடச் சொன்னதில்லை.

வெகுநேரம் பேசாமலிருந்தான். பின்பு, "தாத்தா உங்களைக் கோபித்தாரா?" என்றான்.

"இல்லை."

"நீங்கள் அன்று பள்ளியில் கேட்டீர்களா, அப்பா?"

"கேட்டேன்."

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

தில்லி திரும்பிய பின்னும் அவன் சலூன் வண்டி வரைவதை விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அண்மையில் வரைந்ததைப் பார்த்தேன். பொன் வேலைப்பாடும் தந்தமும் குறையாமல் இருந்தன. உள்ளே ஆறு படுக்கைகள். கீழ்ப்படுக்கை ஒன்றில் 'பாட்டி' என்று எழுதியிருந்தான். சன்னலோரம் ஒரு சுத்தியல் சாய்ந்திருந்தது.