புல் இருந்த மலை

கவுஞ்சியிலிருந்து மன்னவனூர் ஏரிக்கு நடந்து போய், கரையைச் சுற்றிக்கொண்டு திரும்ப ஒரு பகல் முழுக்க வேண்டும். கால் வேகமுள்ளவருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் இந்த வழியில் வேகமாகப் போனால், பார்க்க வேண்டியது கண்ணில் படாமலே போய்விடும். துணை இருந்தால் பேச்சிலேயே வழி கரைந்துவிடும். அதனால் நான் தனியாகத்தான் போவேன்.

கொடைக்கானலுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது கவுஞ்சி. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகிற இந்தப் பக்கம் முழுவதற்கும் மேல்மலை என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டரை ஒட்டிய உயரம். கிளாவரைக்கு அப்பால் கால்நடையாக இறங்கினால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. அங்கேயும் தமிழ்தான் பேசுகிறார்கள். எல்லைக்கோடு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஒற்றையடிப் பாதை இருந்திருக்கிறது.

சாலை வரும்வரை மேல்மலையில் எந்தப் பயணமும் நடைதான். பூண்டு மூட்டையை மட்டக்குதிரை முதுகில் ஏற்றி, ஆள் பின்னால் நடந்து போவார். கீழே உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே வழியில் ஏறி வருவார். பழனி, உடுமலைப் பக்கம் இறங்கும் தடங்கள் எத்தனையோ இருந்தன. இன்று பிக்கப் வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. விடியும் முன்பே கேரட் மூட்டைகள் ஏறிவிடுகின்றன. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடிய காலம் போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. பழைய நடையை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தக் கட்டிலையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் படிப்படியாக வெட்டிய வயல்கள். குன்னுவர்களும் மன்னாடியார்களும் பல தலைமுறைகளாகக் கல் அடுக்கி மண்ணைக் கட்டி நிறுத்திய நிலம் இது. சம்பாக் கோதுமையும் பூண்டும் விளைந்த படிகளில் இப்போது உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். பூண்டு மட்டும் தன் இடத்தை விடவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டை வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பது இங்குள்ள வழக்கம். அதற்கென்றே ஒரு வாசனை உண்டு, தெருவில் நடக்கும்போதே தெரியும். பெரியகுளம் அருகே வடுகபட்டிச் சந்தையில் இந்த மலையின் பூண்டுக்குத் தனி மதிப்பு.

வயல் ஓரத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கிட்டுப் போறீக தம்பி, தனியா?”

“ஏரிக்கு ஆத்தா. சுத்திட்டு வரலாம்னு.”

“வண்டில போலாம்ல?” என்றவர், மேலே இருந்த மரச்சரிவைக் கையால் காட்டினார். “அது பூராப் புல்லுக்காடு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப கால் நனையாம ஏற முடியாது. மிதிச்ச எடமெல்லாம் ஊத்து. இப்ப செருப்பு கூட ஈரமாகாது, போய்ப் பாருங்க.”

அவர் காட்டிய சரிவில் சீகை மரங்கள். வாட்டில் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். அதன் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பொருள் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் வனத்துறை இந்த மலைகளில் சீகையையும் தைல மரத்தையும் பைனையும் பெருவாரியாக நட்டது. பட்டை தோல் தொழிலுக்கு, மரம் கூழுக்கு. சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மலைக்காடுகளின் மரக்கூழ்தான் மூலப்பொருள். அன்றைய கணக்கில் புல்வெளி என்றால் சும்மா கிடக்கும் தரிசு. மரம் நட்டால் வருமானம், பசுமை, வேலை என்று நம்பினார்கள். நட்டவர்களின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. புல்லுக்கு என்ன வேலை என்பதை அந்தக் கணக்கு கேட்கவே இல்லை, அதுதான் என் வருத்தம்.

மரங்களுக்குள் நுழைந்தால் ஆத்தா சொன்னது புரியும். நெருங்கி நிற்கும் ஒல்லித் தண்டுகள், அடியில் காய்ந்த சருகு, அதன் மேல் விழுந்து கிடக்கும் முறிந்த கிளைகள். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வெளியூர் மரங்கள்தான் எளிதாக விழுந்தன என்பது மலைக்காரர்கள் பலரும் சொல்வது. மண்ணைக் காலால் கிளறினால் மேலே ஒரு விரல்கடை அளவுக்கே ஈரம்.

மரங்களைத் தாண்டி மேட்டில் ஏறியதும் திடீரென்று வானம் அகலமாகிறது. மன்னவனூர்ப் புல்மலைகள். இவ்வளவு பரந்த புல்வெளியைப் பழனிமலையில் இன்று பார்க்க வேண்டுமானால் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். 1965இல் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்கே வந்தது. ராஜஸ்தானின் அவிகாநகரில் இருக்கும் தலைமை நிறுவனம் உருவாக்கிய பாரத் மெரினோ ஆடுகள் இந்தச் சரிவுகளில்தான் மேய்கின்றன. முயல் பண்ணையும் உண்டு. மேய்ச்சலுக்கு என்று நிலம் ஒதுக்கப்பட்டதால் இங்கே புல் நின்றது. ஆட்டுக்காகப் பரப்பிய கிக்குயு புல்லும் அதில் நிறையக் கலந்திருக்கிறது. அது கிழக்கு ஆப்பிரிக்காவின் புல். பச்சை விரிப்புப்போல ஒரே சீராகக் கிடப்பது அதுதான். நம் மலையின் சொந்தப் புல் அப்படிக் கிடக்காது. முழங்கால் உயரத்தில் கொத்துக்கொத்தாக நிற்கும், கோடையில் பொன்னிறமாகும், இடையிடையே சிறு பூச்செடிகளும் குறிஞ்சிப் புதர்களும் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு வேண்டிய வெயில் இந்தப் புல்வெளியில்தான் கிடைக்கும், சீகை நிழலில் கிடைக்காது. 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030.

கீழே ஏரி தெரிகிறது. கொடைக்கானலுக்குப் பேர் வாங்கித் தந்த நீர்நிலைகள் கரை கட்டித் தேக்கியவை. நகரின் நடுவே உள்ள ஏரி, 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துச் சதுப்பு நிலத்தில் உருவாக்கியது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜமும் ஒரு காலத்தில் சதுப்பு நிலம்தான். மன்னவனூரிலும் புல்மலைகளின் நீர் ஒரு பள்ளத்தில் வந்து கூடித்தான் இப்படித் தேங்கி நிற்கிறது. இந்த மலையில் சதுப்பு எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் மொத்தக் கதையும் புரிந்துவிடும். புல்லின் வேர் ஒரு சாண், இரண்டு சாணுக்குள் பின்னிப் பரவுகிறது. மடிந்த வேரும் தாளும் குளிரில் மட்காமல் கறுப்பு மண்ணாகத் தங்குகின்றன. அந்த மண் தென்மேற்குப் பருவத்தில் குடித்த மழையை, வடகிழக்குப் பருவத்தில் குடித்த மழையை, மாதக்கணக்கில் வைத்திருந்து கசிய விடுகிறது. மடிப்புகளில் நிற்கும் சோலைக்காடும் அதே வேலையைச் செய்கிறது. மாசியிலும் பங்குனியிலும் ஓடையில் நீர் இருப்பது அந்தக் கசிவால்.

மரம் நட்டால் மழை, மரம் நட்டால் நீர் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் பழகிய நமக்கு இதை ஏற்பது சிரமம். அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில், மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையத்தினர் அடுத்தடுத்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் 1972இல் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் பெரியது, வேர் ஆழமானது, ஆண்டு முழுக்க இலை உண்டு. குடிப்பதும் அதிகம்.

பழனிமலையின் கணக்கு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களையும் நேரில் பார்த்ததையும் வைத்து நாற்பது ஆண்டு மாற்றத்தை அளந்தார்கள். இந்த மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலைக்காட்டில் 31 சதவீதம். மலையின் பெரும்பரப்பை மூடியிருந்த புல், மிஞ்சிய துண்டுகளில் ஒதுங்கிவிட்டது. அந்த இடத்தைப் பெரும்பாலும் நட்ட மரங்கள் எடுத்துக்கொண்டன, கொஞ்சம் விவசாயம். காடு அழிகிறது என்றால் நம் மனக்கண்ணில் மரம் வெட்டும் கோடாரி வரும். இங்கே காடு கூடியிருக்கிறது, மலை இழந்திருக்கிறது. பேருந்து ஜன்னலில் பார்ப்பவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. தலைமுறை மாறிவிட்டால் ஊர்க்காரர்களுக்கும் தெரியாது. கவுஞ்சியில் இன்று இருபது வயதில் இருப்பவர் பிறந்ததிலிருந்து பார்த்தது சீகை மலையைத்தான்.

ஏரிக்கரையில் கூட்டம். வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதியில் பரிசல் விடுகிறார்கள், கம்பியில் தொங்கிக்கொண்டு நீரைக் கடக்கும் விளையாட்டு இருக்கிறது. முன்பு இந்தக் கரையில் மாடு மேய்ப்பவர்களும் ஆட்டுப்பண்ணை ஊழியர்களும்தான் தென்படுவார்கள். இன்று வார இறுதியில் கார் நிறுத்த இடமில்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலைக்கு மலையின் நெரிசல் வந்துவிட்டது. பரிசல் ஓட்டுவதும் சுண்டல், மக்காச்சோளம் விற்பதும் உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்த வேலை. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கரையைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டால் சத்தம் குறைந்துவிடும். நீர் வந்து சேரும் ஓடைகளின் வாயில் இன்னும் மண் கறுப்பாக, காலை உள்ளே இழுக்கிறது. அங்கே என் செருப்பு நனைந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் அந்த ஓடைகளுக்கு மேல் இருந்தது புல்.

முன்புபோல நினைத்த பக்கமெல்லாம் இன்று நடக்க முடியாது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். அது சரியே. காட்டுமாடுகள் எங்கே நிற்கும் என்று தெரியாத தடத்தில் தனியாக இறங்கக் கூடாது. மேய்ந்த புல்வெளிகள் சுருங்கியதால்தான் அவை கேரட் வயலுக்கும் கொடைக்கானல் கடைத்தெருவுக்கும் வருகின்றன என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

திரும்பும் வழியில் கரிந்த மரங்கள். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிக் காடுகள் நாள்கணக்கில் எரிந்தன, சாலையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புல்லும் எரியும். ஆனால் புல்லில் தீ சட்டென்று ஓடி முடிந்துவிடும், அடுத்த மழையில் துளிர்க்கும். சீகைச் சருகும் விழுந்த கட்டையும் தைல இலையும் உள்ள காட்டில் தீ நின்று எரிகிறது. அணைந்த பிறகு முதலில் முளைப்பதும் சீகைதான். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். அதே ஆண்டு செப்டம்பரில் கிளாவரைக்கு மேலே காட்டில் நிலம் நீளமாகப் பிளந்தது. குழாயில் நீர் வராமல் போனதும் ஏன் என்று பார்க்க மேலே ஏறிய ஊர்க்காரர்கள்தான் அதைக் கண்டார்கள். அந்தப் பிளவுக்கும் மரத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஓடை நின்றால் இங்கே ஓர் ஊர் அன்றைக்கே நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன். மேல்மலையின் மேற்குச் சரிவு நீர் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கி அமராவதி அணைக்குப் போகிறது. கரூர்ப் பக்கத்து வயல்காரருக்கும் இந்தப் புல்லில் பங்கு உண்டு.

அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளுவது பிழை. சீகைத் தோப்புகள் பலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் பல ஆண்டுகளாக இதைச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். அங்கே கைவைக்காமல் விடுவதே நல்லது. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிவிட்டு மீண்டும் மரமே நட்டால் புல்லுக்கு இரண்டாவது முறையும் அநியாயம் நடக்கும். என் கேள்வி மிஞ்சிய புல்வெளியைப் பற்றியது. அதன் ஓரத்தில் ஒவ்வொரு மழைக்கும் புதிய சீகைக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. விரல் உயரத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். இடுப்பளவு வளர்ந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும், தலைக்கு மேல் போய்விட்டால் ரம்பம் வேண்டும். மழை முடிந்த தை, மாசியில் கவுஞ்சிக்காரர்களுக்கும் மன்னவனூர்க்காரர்களுக்கும் நாள்கூலி கொடுத்து, ஆண்டுதோறும் விடாமல் அந்தக் கன்றுகளைப் பிடுங்க வைக்கலாம். ஏரிக்கரை நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கலாம். மேட்டில் எந்தெந்த மூலையில் கன்று முளைத்திருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.