சான்றிதழ் இருக்கு, கால் ஊன்ற இடம்?

பெரம்பலூர் நகரத்தை ஒட்டித் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது நம்ம பக்கத்து உழவர்கள் பலருக்கும் தெரியும். வீட்டுக்கு வண்ணம் அடிக்க, கட்டட வேலைக்கு, வெங்காய அறுவடைக்கு என்று ஆள் தேவைப்படும்போது முகாம் பக்கம் சொல்லி அனுப்புவோம். வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அந்த வீடுகளில் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும், தையல், கணினி, அழகுக்கலை, காளான் வளர்ப்பு என்று தொழில் பயிற்சி முடித்த சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கின்றன என்பதும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

நான் பணி ஓய்வு பெறும்வரை வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன். இப்போது மாட்டையும் மண்ணையும் பார்க்கிறேன். தொழில்முனைவோர் பயிற்சி ஒரு இளைஞனை எங்கே கொண்டுபோய் விடுகிறது, எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பதை மேசையின் அந்தப் பக்கம் இருந்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

யார் இந்தப் பிள்ளைகள்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 2010 வரை நான்கு அலைகளாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இடையிடையே பலர் திரும்பிப் போனார்கள். 2021 கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள். நமக்குப் பக்கத்தில் துறைமங்கலம், திருச்சிப் பக்கம் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை.

படகில் வந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. நான் பேசுவது அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி. இவர்களில் பெரும்பாலோர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. நம்ம பள்ளிக்கூடத்தில் படித்து, நம்ம பேச்சைப் பேசுகிறவர்கள். ஆனாலும் சட்டப்படி வெளிநாட்டவர். நம் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால், இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. தாய் தந்தையின் குடியுரிமையையும் பார்க்கிறார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், இந்தத் தேதியை வைத்தே மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடி 2022இல் கடவுச்சீட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கும் போட்டார். அவருக்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

பயிற்சி என்ன செய்திருக்கிறது?

பயிற்சியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் படிப்பையும் கைத்தொழிலையும் வளர்த்தது. சுருள்பாசி வளர்க்க முகாம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சுருள்பாசிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். ஒரு தொட்டி, நல்ல தண்ணீர், வெயில், தினமும் கலக்கிவிட ஒரு ஆள் போதும். நிலம் இல்லாதவர்களுக்கு ஏற்ற தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு அது உணவாகவும் ஆனது.

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் 317.40 கோடி ரூபாய்க்கான நலத்திட்டங்களை அறிவித்தார். 7,469 பழைய வீடுகளுக்குப் பதில் புது வீடு, 5,000 இளைஞர்களுக்கு 10 கோடியில் திறன் மேம்பாட்டுப் பயிற்சி, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு முதலீட்டு நிதி எல்லாம் அதில் அடக்கம். அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல வீடு தொழிலுக்கும் முக்கியங்க. பத்தடி அறையில் அஞ்சு பேர் படுக்கிற வீட்டில் தையல் மிஷின் போட முடியுமா?

பயிற்சிக்குப் போன பெண்கள் வங்கிக்கு வந்து தாங்களே பேசுகிறார்கள். குழுவில் சேமித்து, குழுவிலேயே கடன் எடுத்துத் திருப்பிக் கட்டுகிறார்கள். இந்தத் துணிச்சல் பெரிய விஷயம். ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் தொழில் தொடங்கப் போகும்போது மூன்று பூட்டு தொங்குகிறது.

மூன்று பூட்டு

முதல் பூட்டு நிலம். இலங்கைக் குடிமகன் ஒருவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விதியில் இடம் இருக்கிறது. இந்த ஐந்து வருடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

இரண்டாவது கடன். இவர்களால் ஆதார் வாங்க முடிகிறது, வங்கிக் கணக்கும் திறக்க முடிகிறது. ஆனால் முத்ரா போன்ற தொழில் கடன்கள் இந்தியக் குடிமக்களுக்கு என்று வகுக்கப்பட்டவை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். ஈடு கொடுக்கச் சொத்து இல்லை, ஜாமீன் போட சொந்தக்காரருக்கும் சொத்து இல்லை. மேலாளர் நல்ல மனுஷனாகவே இருந்தாலும் விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை ஓடாது. கடைசியில் கந்துவட்டிதான்.

மூன்றாவது நிச்சயம் இல்லாத நாளை. உதவித்தொகை கொடுக்கும் நாளில் முகாமில் நேரில் இருக்க வேண்டும். வெளியூர் சந்தைக்குப் போய்த் தங்கி வியாபாரம் பழக முடியாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு கொடுத்தது. அது ஒரு நிம்மதி. ஆனால் தண்டனை இல்லை என்பதால் உரிமை வந்துவிடாது. பத்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று தெரியாதவன் தென்னங்கன்று வைப்பானா?

முன்பே படித்த பாடம்

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் தாயகம் திரும்பினார்கள். அவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் உதவ 1969இல் தொடங்கியதுதான் ரெப்கோ வங்கி. நம்மில் பலர் நகைக்கடன் வாங்கும் அதே வங்கி. தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி என்பதன் சுருக்கம்தான் ரெப்கோ.

மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களிடம், பழக்கமில்லாத ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றால் என்ன ஆகும்? பணம் சாப்பாட்டுக்குக் கரைந்தது. ஏராளமானோர் தெரிந்த வேலையைத் தேடி நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போனார்கள். டான்டீ போன்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தவர்களுக்குக் கூலியாவது நிலைத்தது. கைக்குப் பழகிய தொழிலும், அதைச் செய்ய இடமும் சேர்ந்தால்தான் கடன் பணம் முதலாகும்.

இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திபெத்தியர்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் நம்ம ஊர்களில் ஸ்வெட்டர் விற்க வருகிறார்களே, அவர்களேதான். கர்நாடகத்தின் பைலகுப்பேயில் 1960களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் அரசு சுமார் 3,000 ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டைத் திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள், கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், விவசாயம் ஓய்ந்த மாதங்களில் ஸ்வெட்டர் வியாபாரத்துக்குக் கிளம்பினார்கள். 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை 20 வருடக் குத்தகைக்கும் தொழில் உரிமத்துக்கும் வழி செய்தது. ஆப்பிரிக்காவில் உகாண்டா, நம்மைவிட ஏழை நாடு. வருகிற அகதிகளுக்குச் சிறு துண்டு நிலமும், வேலை பார்க்கவும் தொழில் தொடங்கவும் உரிமையும் கொடுக்கிறது. 2006இலேயே சட்டம் போட்டார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. நிலம் வரவரச் சுருங்குகிறது. ஆனாலும் பயிற்சி பெற்றவனுக்கு அதைப் பயன்படுத்த ஒரு இடம் இருக்கிறது.

ஒரே நாட்டில் ஒரு அகதிக்கு 20 வருடக் குத்தகை, இன்னொருவருக்கு ஐந்து வருடம் மட்டும் என்பது சரியா? இதைக் கேட்க வேண்டியது முகாம் மக்கள் மட்டும் இல்லை. நிலத்தை விட்டு எழுப்பப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். ஜெயங்கொண்டத்தில் நிலக்கரி மின்திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டு, இழப்பீட்டுக்கு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய அரியலூர் மாவட்ட உழவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டா என்ற ஒரு காகிதமாவது கையில் இருந்தது.

நம்ம பங்கு என்ன?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து வருடக் குத்தகைக்கு இப்போதே விதியில் இடம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? ரசாயன நிலத்தை இயற்கை நிலமாக மாற்றச் சான்றிதழ் விதிப்படி இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஐந்தில் மூன்று போனால் மிச்சம் இரண்டு. ஆனால் நம்ம நிலம் ஏற்கெனவே மாறிய நிலம். நம்மிடம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுக்கிற இளைஞனுக்கு முதல் போகமே இயற்கை விளைபொருள். இதை அவர்களுக்கு வேறு யாராலும் கொடுக்க முடியாது.

குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் நமக்கு உண்டு. அதற்கு வழி, எழுதாமல் விடுவது இல்லை, எழுதி வைப்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். காலம், தொகை, தண்ணீர் முறை எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டி எழுதிக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

பயிரும் காலத்துக்குத் தக்கதாக இருக்கட்டும். சின்ன வெங்காயம் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். நாற்றங்கால், மண்புழு உரம், பஞ்சகவ்யா, காய்கறி விதை உற்பத்தி எல்லாம் நெடுநாள் காத்திருக்க வைக்காதவை. தேவைப்பட்டால் வேறு இடத்துக்கு எடுத்துப் போகக்கூடியவை.

என் தோட்டத்தில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. பட்டப்படிப்பு முடித்து, காளான் பயிற்சியும் முடித்த ஒரு தம்பி. முகாம் வீட்டில் காளானுக்கு இடமும் இல்லை, அந்தச் சூட்டில் விளையவும் செய்யாது. வேப்பமர நிழலில் இருந்த பழைய கூரைக் கொட்டகையைக் கொடுத்தேன். தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் ஈரச்சாக்குத் தொங்கவிட்டுச் சூட்டைத் தணிக்கிறார். நம்ம நெல் வைக்கோலில் மருந்து வாடை இல்லை என்பதால் படுக்கைக்கு அதையே எடுத்துக்கொள்கிறார். மூன்று வாரம் கடந்ததும் சிப்பிக் காளான் எடுக்கிறார். ஒன்றரை மாதத்தில் படுக்கை ஓய்ந்துவிடும். ஓய்ந்த வைக்கோல் என் மண்புழுக் குழிக்கு. அதுதான் வாடகை. காசு கைமாறுவதில்லை. கோடையில் அவருக்கு விளைச்சல் குறைகிறது, அந்த மாதங்களில் பழையபடி பெயின்ட் வேலைக்குப் போகிறார். அதனால் இதை வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படித்த பயிற்சி இப்போது தினமும் கையில் இருக்கிறது.

நம் அமைப்பால் செய்யக்கூடிய வேறு வேலைகளும் இருக்கின்றன. நம்ம இயற்கைச் சந்தைகளில் முகாம் மகளிர் குழுவுக்கு ஒரு மேசை ஒதுக்கலாம். பெரம்பலூர் வெங்காயத்தை வடகமாக்கவும், அரியலூர் பக்கத்து முந்திரியை உடைத்துப் பொட்டலம் போடவும் கூலிக்கு ஆள் தேடுவதற்குப் பதிலாக, அவர்கள் குழுவிடம் பொருளாகவே வாங்கலாம். இத்தனை கிலோ, இந்த விலை, இந்த மாதம் என்று எழுத்தில் ஒரு உறுதி கொடுத்தால், அந்தத் தாளைக் காட்டிக் குழு தன் நிதியிலிருந்து நம்பிக்கையோடு கடன் கொடுக்கும். ஈடு இல்லாதவனுக்கு ஆர்டர்தான் ஈடு. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் நமக்குப் பயிற்சி நடக்கும்போது இரண்டு இடம் முகாம் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. திபெத்தியருக்குக் கொடுத்தது போல நீண்ட காலக் குத்தகை, தொழில் உரிமம், தொழில் கடன் திட்டங்களில் இடம். இங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை. நம் இயக்கம் தீர்மானம் போடும்போது கரும்பு நிலுவைக்கும் வெங்காய விலைக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். காலியாகக் கிடக்கும் கொட்டகை, தரிசாக விட்ட அரை ஏக்கர், சந்தையில் ஒரு மேசை — யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.