வேலைக்குத் திரும்பும் முன்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்?

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. அந்த 26 வாரமும் குழந்தையோடு இருக்கக் கிடைக்குமா என்பது வேறு கணக்கு. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். உடம்பு முடியாமல் அப்படி எடுத்துவிட்டால், பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் மொத்த விடுப்பே 12 வாரம்தான். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு இருக்கிறது. அவர்களுக்கு மூச்சுவிட நேரம் உண்டு. மற்றவர்கள் முதலில் காலண்டரை எடுத்து, வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தத் தேதியைப் பொறுத்தவை.

தேடலைக் குழந்தையின் மூன்றாம் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகங்கள் குறைவு. நல்ல ஆயா முதல் முயற்சியிலேயே அமைவதும் அரிது. இன்னொரு காரணமும் உண்டு. ஏழெட்டு மாதத்தில் குழந்தைக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பித்துவிடும். புதிய ஆள் கை நீட்டினால் அழும், அம்மா அறையைவிட்டு நகர்ந்தால் வீறிடும். பார்த்துக்கொள்ளப் போகிறவர் ஐந்தாம் மாதத்திலேயே வந்து பழகிவிட்டால், அதற்குள் அந்த முகம் சொந்த முகமாகியிருக்கும்.

நம் வீடுகளில் முதலில் வரும் பதில், ‘அம்மா பார்த்துக்குவாங்க’ அல்லது ‘அத்தை இருக்காங்களே’ என்பதுதான். குழந்தைக்கு அதைவிடப் பாதுகாப்பான மடி வேறில்லை, உண்மை. ஆனால் அறுபது வயதுக்காரருக்கு முழங்கால் வலி இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும், மதியம் கண் அசர வேண்டியிருக்கும். தவழும் குழந்தையின் பின்னால் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வது கடுமையான வேலை. எனவே அவரிடம் ஒப்படைப்பதற்கு முன் அவரிடமே கேளுங்கள். அவர் முடியாது என்று சொல்ல இடம் வைத்துக் கேளுங்கள். நான் பார்த்தவரை நன்றாக நடக்கும் ஏற்பாடு இதுதான்: பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வார், துணி, பாத்திரம், சமையலுக்கு வேறொருவர் வருவார். பாட்டிக்கு ஞாயிறு முழுக்க ஓய்வு.

பாட்டியோடு வரும் சிக்கல் வைத்தியத்தில்தான். வசம்பு உரைத்துக் கொடுப்பது, நாக்கில் தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் என்று அன்போடு வரும் பழக்கங்கள் பல. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுக்கவும் கூடாது. இதை மருமகள் சொன்னால் மனத்தாங்கல் வரும். 14-ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப்போய், குழந்தை மருத்துவரையே சொல்லச் செய்யுங்கள். தூங்க வைப்பதைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்: மல்லாந்த நிலையில், சமமான இடத்தில், முகத்தருகே தலையணையோ போர்வையோ இல்லாமல். தூளியில் போட்டால், கண் பார்வையிலேயே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஆயா வைப்பதென்றால், அவர் முன்பு வேலை பார்த்த வீட்டுக்குப் போன் செய்யாமல் முடிவெடுக்காதீர்கள். ‘நல்லவங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘ஏன் நின்னாங்க? குழந்தை விடாம அழுதா என்ன செய்வாங்க?’ என்று கேட்டால்தான் விஷயம் வரும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வீட்டுப் பணியாளர் விவரத்தைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்வது தவறில்லை. அதற்கான செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளம், நேரம், வார விடுமுறை, ஊர்த் திருவிழாவுக்குப் போகும் நாட்கள் எல்லாவற்றையும் முதல் நாளே பேசி முடியுங்கள். குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் பாத்திரத்தையும் துணியையும் சேர்த்துக் கொடுத்தால், கவனிப்பு குறைவது குழந்தைக்குத்தான். வீட்டில் கேமரா இருந்தால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும். காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். மதிய உணவு நேரத்திலோ மாலை நாலரை மணிக்கோ சொல்லாமல் போய் நில்லுங்கள். டயப்பர் மாற்றும் இடமும் சோறு ஊட்டும் இடமும் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? மாற்றி முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த குழந்தையைத் தூக்குகிறார்களா? பால் பாட்டில்களில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா? அழும் குழந்தையிடம் யாராவது போகிறார்களா, இல்லை டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்களா? கைக்குழந்தைகள் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் என்பதற்கு மேல் போனால் நான் சேர்க்க மாட்டேன். ஓடி விளையாடும் பிள்ளைகளும் தரையில் கிடக்கும் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பதும் ஆபத்து. அங்கே வேலை செய்யும் பெண்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் குழந்தைக்கு ஒட்டுதல் வராது. ‘சொல்லிட்டுத்தான் வரணும்’ என்று பெற்றோரைத் தடுக்கும் காப்பகமானால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காப்பகம் வீட்டருகிலா, அலுவலகத்தருகிலா? தாம்பரத்தில் வீடும் சிறுசேரியில் வேலையும் உள்ளவர் தினமும் யோசிக்கும் கேள்வி இது. பகலில் போய்ப் பால் கொடுக்க முடியுமானால், முதல் வருடம் அலுவலகத்தருகில் இருப்பது நல்லது. அது முடியாதென்றால் வீட்டருகில்தான் வசதி. மழையில் ஓ.எம்.ஆர். ஸ்தம்பித்துப்போன மாலையில் கணவரோ தாத்தாவோ நடந்துபோய்க் குழந்தையை அழைத்து வந்துவிடலாம்.

அலுவலகத்திலேயே காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. அதில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம். ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளைக்கு மேல், பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனமும் தாயும் பேசி வீட்டிலிருந்தே வேலை செய்யவும் வழி இருக்கிறது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இடம்பெற்றிருக்கின்றன. இது யாரும் காட்டும் சலுகை இல்லை, கூசாமல் கேளுங்கள்.

இனி பால். திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தினம் ஒரு வேளை கூடுதலாகப் பாலை எடுத்துச் சேமிக்கப் பழகுங்கள். எடுத்த பால், அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அங்கே 4 நாள் வரை இருக்கும். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்பக்கமாக வையுங்கள். சிறு சிறு அளவாக, தேதியும் நேரமும் எழுதி வைத்தால், முதலில் எடுத்ததை முதலில் கொடுக்கலாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும். பாட்டிலை மறுக்கும் குழந்தைக்குப் பாலாடையே போதும். கழுவுவதும் கொதிநீரில் போட்டெடுப்பதும் சுலபம். குழந்தையைச் சாய்த்து உட்கார்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. முதல் சில நாள் வேறொருவர் கொடுக்கட்டும். அம்மா வாசனை பக்கத்தில் இருந்தால் பல குழந்தைகள் பாலாடையைத் தட்டிவிடும்.

கடைசி இரண்டு வாரம் ஒத்திகைக்கு. முதலில் பார்த்துக்கொள்பவர் உங்கள் கூடவே இருந்து பழகட்டும். பிறகு ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள், அப்புறம் அரை நாள், அப்புறம் முழு நாள். அலுவலகம் அனுமதித்தால் திங்கட்கிழமைக்குப் பதில் புதனோ வியாழனோ சேருங்கள். மூன்று நாளில் சனி ஞாயிறு வந்துவிடும்.

எவ்வளவு நல்ல ஏற்பாடும் ஆடிப்போவது, ஆயா வராத நாளிலும் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளிலும்தான். காப்பகத்தில் சேர்ந்த முதல் சில மாதங்களில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் அங்கே சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் யார் லீவு போடுவது என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஒரு முறை இவர், மறுமுறை அவர் என்பதே நியாயம். தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பு எதுவும் கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. ஆகவே அப்பா தன் சாதாரண விடுப்பில் சில நாட்களை இதற்கென்றே ஒதுக்கி வைக்கட்டும். மருத்துவர் எண், தடுப்பூசி அட்டை, காய்ச்சல் மருந்தின் அளவு ஆகியவற்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதென்றால், இந்த வாரமே உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காப்பகம் எங்கே இருக்கிறது, பால் கொடுக்கும் இடைவேளை எப்போது, பால் எடுக்கத் தனி அறையும் ஃபிரிட்ஜும் உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.