பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் குளிர்விப்பு அமைப்பில் எழும் ஓசைகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் குளிர்விப்பு அமைப்பில் எழும் ஓசைகள் என்பவை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர், அதைத் தள்ளும் வாட்டர் பம்ப், விசிறி, பெல்ட், ரேடியேட்டர், மூடி ஆகியவற்றில் தோன்றும் குறைகளை முன்கூட்டியே உணர்த்தும் ஒலிகள் ஆகும். களகளப்பு, கீச்சொலி, கரகரப்பு, சீறல், கொதியோசை என இவை பலவகைப்படும். பல சமயங்களில் வெப்பமானியின் முள் நகர்வதற்கு முன்பே இவ்வோசைகள் கேட்கத் தொடங்கிவிடும். ஓசை எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதைச் சரியாகக் கவனித்தால், சிறு செலவில் முடியும் வேலை எஞ்சினையே பிரித்துப் பழுதுபார்க்கும் நிலைக்குப் போகாமல் தடுக்கலாம்.

தமிழ்நாட்டுடன் உள்ள தொடர்பு

பிரித்தானியாவின் டிரையம்ப் நிறுவனம் 1959 இல் ஹெரால்டு காரை வெளியிட்டது. அதன் வடிவமைப்பாளர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதனை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இந்தியாவில் உற்பத்தி செய்தது. இந்தியக் காரில் இருந்தது 948 சி.சி. எஞ்சின்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்டதே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை உற்பத்தியில் இருந்த இதில் 1147, 1296, 1493 சி.சி. என மூன்று அளவுகளில் எஞ்சின்கள் வந்தன. இவை ஹெரால்டு எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே ஹெரால்டு பழகிய மெக்கானிக்கின் அனுபவம் ஸ்பிட்ஃபயருக்கும் பெரும்பாலும் பொருந்தும். சென்னை அருகே சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களிலும் ஹெரால்டு கார்கள் ஓடியுள்ளன.

இவ்விரு கார்களிலும் பானட், முன்சக்கரக் காப்புகளுடன் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சினின் இரு பக்கமும் நன்றாகத் திறந்து கிடப்பதால், ஓசை வரும் இடத்தைத் தேட இது மிகவும் வசதியானது.

குளிர்விப்பு அமைப்பு இயங்கும் முறை

எஞ்சினின் இரும்பு வார்ப்புக்குள் நீர் செல்லும் வழிகள் உள்ளன. பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடியிலிருந்து நீரை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நீர் ஏறத்தாழ 82 பாகை செல்சியசை எட்டும்போது தெர்மோஸ்டாட் திறந்து, சூடான நீரை மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. (சில தெர்மோஸ்டாட்டுகள் 88 பாகையில் திறக்கும், அளவு அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.) அங்கே காற்றுபட்டு ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

ரேடியேட்டர் மூடியின் வேலை பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைப் போன்றது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடும்போது கொதிநிலை சுமார் ஒன்றரை பாகை செல்சியசுக்கு மேல் உயரும். 7 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் நீர் ஏறத்தாழ 111 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் 100 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சினில் வேறு குறை எதுவும் இல்லாமலே கொதியோசை கேட்பதற்கு இது ஒரு காரணம்.

சோதிப்பதற்கு முன்

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, அது முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கொதித்து நின்ற எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. சூடான இரும்பு வார்ப்பு சட்டெனக் குளிர்ந்தால் விரிசல் விடலாம். எஞ்சின் ஓடும்போது சேலை முந்தானை, துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை விசிறியருகே செல்லக் கூடாது.

ஓசைகளும் அவற்றின் காரணங்களும்

களகளப்பு

பாதி நிறைந்த குடத்தை ஆட்டினால் வரும் ஓசையைப் போன்றது. அமைப்புக்குள் காற்று இருக்கிறது என்பதே இதன் பொருள். நீர் குறைந்திருக்கலாம், அல்லது நீர் மாற்றியபோது காற்று முழுமையாக வெளியேறாமல் இருக்கலாம். முகப்பு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ரேடியேட்டரும் தாழ்வாகவே பொருத்தப்படுவதால், எஞ்சினின் மேற்பகுதியிலும் ஹீட்டர் குழாய்களிலும் காற்று எளிதில் தங்கிவிடும்.

எஞ்சின் ஆறியபின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் காரின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து வைத்து, மெதுவாக நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருமுறை நிரப்பியபின் களகளப்பு நின்றுவிட்டால் கவலை இல்லை. சில நாட்களில் மீண்டும் வந்தால், நீர் எங்கோ கசிகிறது அல்லது எஞ்சின் வாயு நீருக்குள் புகுகிறது என்று கொள்ள வேண்டும்.

கீச்சொலி

காலையில் எஞ்சினை உயிர்ப்பிக்கும்போதும், ஆக்சிலரேட்டரைச் சட்டென அழுத்தும்போதும் வரும். பெல்ட் வழுக்குவதே பெரும்பாலும் காரணம். இக்கார்களில் அதே பெல்ட்தான் டைனமோவையும் சுற்றுவதால், சார்ஜ் விளக்கு மினுக்குவதும் துணை அறிகுறியாகும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் வரை உள்வாங்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப் பேரிங் விரைவில் தேய்ந்துவிடும். வெடிப்பு விட்ட பெல்ட்டை மாற்றுவதே முறை.

கரகரப்பும் உறுமலும்

அம்மிக்கல்லில் மணல் அரைபடுவது போன்ற ஓசை, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் வாட்டர் பம்ப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, விசிறியின் எதிரெதிர் இறகுகளைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்தால், தேய்ந்த பேரிங்கில் ஆட்டம் தெரியும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர்க்கசிவோ காய்ந்த துருக்கறையோ இருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

எந்தப் பாகத்திலிருந்து ஓசை வருகிறது என்று உறுதிசெய்ய, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்பின் உடல்மீது வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கலாம். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போல அது ஓசையைக் கடத்தும். அடுத்து டைனமோவின்மீதும் அவ்வாறே வைத்து ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல், டைனமோ பேரிங் குறைக்குப் பம்பை மாற்றுவது உண்டு.

இந்தப் பேரிங்கைக் கவனிக்காமல் விட்டால் ஆட்டம் கூடி, விசிறி முன்னால் சாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக் கூடும்.

டக் டக் ஓசை

விசிறி இறகு எதையாவது உரசினால் சீரான இடைவெளியில் வரும். வளைந்த இறகு, தளர்ந்த போல்ட், தளர்ந்து தொங்கும் ஹோஸ், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் இறங்கிப்போதல் ஆகியவை காரணங்கள். கிளட்சை விடும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் கேட்டால் மவுன்டை முதலில் பார்க்க வேண்டும்.

சீறல்

அழுத்தம் வெளியேறும் இடத்தில் வரும். மூடி, ஹோஸ் கிளிப், ஹோஸ் வெடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு அந்த இடங்களில் வெண்மையாகவோ துருநிறமாகவோ படிந்திருக்கும் கறை கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

கொதியோசை

கெட்டிலில் நீர் கொதிக்குமுன் எழும் இரைச்சலைப் போன்றது. எஞ்சினை நிறுத்தியபின் மட்டும் சிறிது நேரம் கேட்டால், ஓட்டம் நின்ற நீரில் இரும்பின் மிச்சச் சூடு ஏறுவதே காரணம். மூடியைச் சோதித்தால் பெரும்பாலும் போதும். ஓடும்போதே கேட்டால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, ரேடியேட்டர் அடைத்துவிட்டது, நீர் குறைந்துவிட்டது ஆகியவற்றில் ஒன்று நடந்திருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கினால் அது திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

எஞ்சினை நிறுத்தியபின் கேட்கும் மெல்லிய 'டிக் டிக்' ஓசை, உலோகம் ஆறிச் சுருங்குவதால் வருவது. அது குறை அன்று.

ஹெட் கேஸ்கெட் குறையைக் கண்டறிதல்

நிரப்பிய பின்னும் களகளப்பு திரும்பத் திரும்ப வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக எரிவாயு நீருக்குள் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எளிய சோதனைகள் உண்டு.

1. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து உயிர்ப்பித்தால், தொடர்ந்து குமிழ்கள் வருகின்றனவா என்று சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். தேங்கிய காற்றால் வரும் குமிழ் விரைவில் நின்றுவிடும். கேஸ்கெட் குறையால் வருவது நிற்காது.
2. ஆறிய எஞ்சினை மூடியுடன் உயிர்ப்பித்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பார்க்க வேண்டும். நீர் சூடாகும் முன்பே ஹோஸ் விறைத்துவிட்டால் அழுத்தம் வேறிடத்திலிருந்து வருகிறது என்று பொருள்.
3. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற படிவு, சூடான பிறகும் நிற்காத வெண்புகை, வெளியே கசிவின்றி நீர் குறைதல் ஆகியவையும் துணை அறிகுறிகள்.

வெப்பமானி முள் காட்டாத ஆபத்து

வெப்பமானியின் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வடிந்து உணரி காற்றிலோ ஆவியிலோ நிற்கும்போது முள் குறைவாகக் காட்டலாம். திடீரெனக் கீழேயும் இறங்கலாம். ஓட்டுபவர் 'சூடு குறைந்துவிட்டது' என்று நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். களகளப்பு கேட்டு, அதன்பின் முள் சட்டென இறங்கினால், உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக மேல்சித்தாமூருக்கு ஒரு பழைய ஹெரால்டு வருவதாகக் கொள்வோம். நெடுஞ்சாலையில் ஓடும்வரை எந்த ஓசையும் இல்லை. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது கொதியோசை கேட்கிறது. மீண்டும் ஓடத் தொடங்கியதும் அடங்குகிறது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் மோதுகிறது. நிற்கும்போது விசிறி மட்டுமே துணை. ஆகவே விசிறி, பெல்ட், மூடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, நின்றால் ஓசை இல்லாமல், வேகமாக ஓடும்போது மட்டும் கொதியோசை வந்தால், நீரோட்டமே போதவில்லை என்று பொருள். உட்புறம் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், அதிவேகத்தில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஓசைதான், அது வரும் நேரம் மாறியதால் காரணமும் மாறுகிறது.

நீரின் தரம்

போர்வெல் நீரில் உப்பு மிகுந்திருந்தால், வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அவற்றை அடைக்கும். இரும்பு எஞ்சினின் துருவும் அதனுடன் சேரும். காய்ச்சி வடித்த நீரையும் கூலன்டையும் சம அளவில் கலந்து ஊற்றினால் துரு குறையும். கொதிநிலையும் சற்று உயரும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த கூலன்டைக் குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் பரவலாக உள்ளது. அதனால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கிறது; தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடுகின்றன. குறையோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

'ஏதோ சத்தம் வருகிறது' என்று மட்டும் சொன்னால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் செலவுதான் மிஞ்சும். ஓசை எஞ்சின் ஆறியிருக்கும்போது வருகிறதா, சூடானபின் வருகிறதா, நிற்கும்போதா, ஓடும்போதா, எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா, நீர் எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். புதிய உதிரிபாகம் எளிதில் கிடைக்காத பழைய காருக்கு இந்தக் குறிப்பு பெரும் உதவியாகும்.