மரவள்ளி மாவும் பாலித்தீனும் ஒட்டுமா?

கல்வராயன் மலைச் சரிவிலும் சின்னசேலம் பக்கத்திலும் மரவள்ளி தெரியாத மாணவர் இல்லை. அறுவடைக் காலத்தில் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் லாரிகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒருமுறை பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், கிழங்கு மாவைக் கலந்தால் பை மக்கிவிடுமா?"

மாவைக் கலப்பதே எளிதல்ல என்பதிலிருந்து தொடங்கினேன். தரசத்தின் மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். அது நீரை விரும்பும். பாலித்தீன் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி, நீரை விலக்கும். இரண்டையும் உருக்கிக் கலந்தால் மாவுத் துகள்கள் சோற்றில் கிடக்கும் கல்லைப் போலத் தனித்தே நிற்கும். இழுத்தால் துகளின் ஓரத்தில்தான் முதலில் கிழியும்.

இதற்குத் தீர்வு, பாலித்தீனையே கொஞ்சம் மாற்றுவது. உருகிய பாலித்தீனில் மேலிக் அன்ஹைட்ரைடையும் மிகச் சிறிதளவு பெராக்சைடையும் சேர்ப்பார்கள். பெராக்சைடு சிதைந்து தனி உறுப்புகளைத் தர, அவை சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கின்றன. அந்த இடத்தில் அன்ஹைட்ரைடு ஒட்டுச்செடி போல உட்கார்ந்துகொள்கிறது. எடையில் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இராது. இந்த மாற்றிய பாலித்தீனைக் கலவையில் சிறிதளவு சேர்த்தால், அன்ஹைட்ரைடு வளையம் திறந்து தரசத்தின் ஹைட்ராக்சிலோடு எஸ்டர் பிணைப்பு உண்டாகிறது. நீண்ட சங்கிலியோ பாலித்தீனுக்குள் சிக்கிக்கொள்கிறது.

வகுப்பில் எண்ணெய், தண்ணீர், சோப்பு வைத்துக் காட்டலாம். ஆனால் உவமை பாதிவரைதான் வரும். சோப்பு ஈர்ப்பு விசையால் பிடிக்கிறது. இங்கே உருவாவது வேதிப்பிணைப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதுவார்கள்.

மரத்தூள் கலந்த பாலிபுரோப்பிலீன் பலகையிலும் இதே உத்திதான். மரத்தின் செல்லுலோசிலும் ஹைட்ராக்சில் உண்டு. நைலானும் பாலிபுரோப்பிலீனும் கலந்த கழிவை மறுசுழற்சி செய்யும்போது நைலானின் அமீன் முனை அன்ஹைட்ரைடைப் பிடித்துக்கொள்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளி மாவு கலந்த நெகிழியை ஆராய்ந்திருக்கிறது என்பதையும் மாணவரிடம் சொல்லலாம். நம் வயல் கிழங்கு அவர்களுக்குப் புதிதாகத் தெரியும்.

இனி மாணவியின் கேள்வி. பிணைப்பு பையை வலுவாக்கும். பாலித்தீனை மக்க வைக்காது. மண்ணில் நுண்ணுயிர்கள் தரசத்தைத் தின்றுவிடும், மிச்சம் துளை விழுந்த பாலித்தீன். அது பொடிந்து நுண்நெகிழியாகும். பாலிலாக்டிக் அமிலம் போன்ற, உரக்குழிச் சூழலில் சிதையக்கூடிய பாலிமரோடு தரசத்தைச் சேர்த்தால் கதை வேறு. அங்கும் மேலிக் அன்ஹைட்ரைடு உதவுகிறது.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருப்பதால் 'மக்கும் பை' என்று அச்சிட்டவை கடைகளில் வருகின்றன. அதில் ஒரு துண்டை வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு அயோடின் விடச் சொன்னேன். நீலக்கருப்பு வந்தால் தரசம் இருக்கிறது. கூட இருக்கும் பாலிமர் எது என்பதை அயோடின் சொல்லாது என்று அந்த மாணவியே சொன்னாள்.