உங்களுக்குத் தெரியுமா?

டெல்லிக்கு 37 ஆண்டுகள் முதலமைச்சரே கிடையாது!

• 1952-இல் சௌத்ரி பிரம்ம பிரகாஷ் டெல்லியின் முதல் முதலமைச்சரானார். அடுத்து வந்தவர் குர்முக் நிஹால் சிங். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது டெல்லி யூனியன் பிரதேசமானது. சட்டசபையும் போனது, முதல்வர் நாற்காலியும் போனது.

• 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகரக் கவுன்சில் ஒன்று வந்தது. ஆலோசனை சொல்லலாம், சட்டம் இயற்ற முடியாது.

• 1991-இல் அரசியலமைப்பின் 69-ஆவது திருத்தம் சட்டசபையை மீட்டுத் தந்தது. 1993 டிசம்பரில் மதன்லால் குரானா முதல்வரானார்.

• சுஷ்மா ஸ்வராஜ் 1998-இல் பதவியில் இருந்தது வெறும் 52 நாள். அவரையடுத்து வந்த ஷீலா தீட்சித் 15 ஆண்டுகள் ஆண்டார். பின்னாளில் வந்த பெண் முதல்வர்கள் ஆதிஷி, ரேகா குப்தா. நான்கு பெண் முதல்வர்களைக் கண்ட பெருமை வேறெந்த மாநிலத்துக்கும் இல்லை.

• தமிழ்நாட்டில் முதல்வரை நியமிப்பவர் ஆளுநர். டெல்லியில் குடியரசுத் தலைவர். காவல் துறை, பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் இன்றும் டெல்லி முதல்வர் கையில் இல்லை; மத்திய அரசிடமே உள்ளன.