ஒரு யூனிட் கூடினா ரூ.243 காலி! கரண்ட் பில் 500-ஐ தாண்டாமல் தப்பிக்க என்ன வழி?

சென்னை:

"பக்கத்து வீட்லயும் இதே ஃபேன், இதே ஃபிரிட்ஜ்தான். அவங்களுக்கு 1,800 ரூபா, நமக்கு மட்டும் எப்படி 2,050 வந்துச்சு?"

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில் மெசேஜ் செல்போனில் வந்து விழும்போது பல வீடுகளில் எழும் பேச்சு இது. மீட்டர் கோளாறு, ரீடிங் எடுத்தவர் தப்பா போட்டுட்டார் என்று சந்தேகம் கிளம்பும். ஆனால் பல வீடுகளில் மீட்டரில் ஒரு தப்பும் இருக்காது. ஆளை கவிழ்த்தது அந்த 501-வது யூனிட்!

கணக்கு இதுதான்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு 2 மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து பில் போடுகிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. 2024 ஜூலையில் கட்டணம் மாறியபோது, அரசு மானியம் போக வீடுகளுக்கு வந்த விலை இது:

500 யூனிட் வரை எரித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30. சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு மொத்தம் ரூ.1,805.

500-ஐ தாண்டினால் அந்த ரூ.2.35 விலை பறிபோய்விடும். 101-வது யூனிட்டில் இருந்தே ரூ.4.70 கணக்குதான். 500-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு ரூ.8.40. அதனால் 501 யூனிட் எரித்தவருக்கு பில் ரூ.2,048.40.

ஒரே ஒரு யூனிட் வித்தியாசம், 243 ரூபாய் அதிகம்! தினம் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டுக்கு இது கிட்டத்தட்ட அஞ்சு நாள் பால் காசு.

200 யூனிட் தாண்டினாலும் இப்படி எகிறும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தவறு. அங்கே கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும். பழைய யூனிட்டுக்கும் சேர்த்து விலையை ஏற்றுவது 500-ஐ தாண்டும்போதுதான்.

70 யூனிட் குறைச்சா 802 ரூபா

ஒரு வீட்டில் 560 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் ரூ.2,544. அதையே 490-க்கு இறக்கினால் ரூ.1,742. மிச்சம் 802 ரூபாய். இந்த 70 யூனிட்டை எங்கே பிடிப்பது?

ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

டியூப் லைட்: பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து சுமார் 50 வாட் இழுக்கும். எல்.இ.டி. டியூப் 20 வாட். தினம் 6 மணி நேரம் எரியும் 2 டியூப்பை மாற்றினால் 2 மாதத்தில் 21 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

ஃபேன்: நம்ம ஊரில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுவது இதுதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது ரக ஃபேன் 30 வாட். விலை கூடத்தான். ஆனால் தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே 2 மாதத்தில் 40 யூனிட் குறையும். எல்லா ரூமுக்கும் வாங்க வேண்டாம், அதிகம் ஓடுற ஒரு ஃபேனை மட்டும் மாற்றினால் போதும்.

செட்டாப் பாக்ஸ்: ரிமோட்டில் டி.வி.யை அணைத்தாலும் பாக்ஸ் உள்ளுக்குள் கரண்ட் குடிச்சிக்கிட்டே இருக்கும். 10 வாட் என்று வைத்தாலும், பார்க்காத 18 மணி நேரத்துக்கு 2 மாதத்தில் 10 யூனிட்டுக்கு மேல் வீண். சுவர் ஸ்விட்சை அணைத்தால் காசு செலவே இல்லை.

மூன்றையும் கூட்டினால் 70 யூனிட் தாண்டிவிடும்.

பெரிய ஆளுங்க யாரு?

சூடு பண்ணும் பொருள்தான் கரண்டை அதிகம் விழுங்கும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போச்சு. தினமும் ஓடினால் 2 மாதத்தில் 60 யூனிட். குளிப்பதற்கு கொஞ்சம் முன்னால் போட்டு, உடனே அணைப்பது நல்லது. அயர்ன் பாக்சை தினம் ஒரு சட்டைக்கு சூடு பண்ணாமல், வாரம் ஒரு நாள் மொத்தமாக தேய்க்கலாம்.

ஏ.சி. உள்ள வீட்டில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட விடலாம்.

மீட்டரை நீங்களே பாருங்க

ரீடிங் எடுத்த தேதியையும் நம்பரையும் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். மீட்டரில் கே.டபிள்யூ.எச். என்று வரும் நம்பர்தான் யூனிட். ஒரு நாளைக்கு 8 யூனிட் என்றால் 60 நாளில் 480. 30-வது நாளில் 250-ஐயும், 45-வது நாளில் 375-ஐயும் தாண்டியிருந்தால் உஷாராகி, மிச்ச நாளில் குறைத்துக் கொள்ளலாம்.

ஒரு தடவை வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு மீட்டரை பார்க்கவும். சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கரண்ட் போகிறது. வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். தானே கை வைக்கக் கூடாது.

ரீடிங் எடுக்க நாள் தள்ளிப் போனால், அந்த சில நாள் கரண்ட்டே 500-ஐ தாண்ட வைத்துவிடும். அப்படி ஆனால் குறித்து வைத்த தேதியோடு பிரிவு அலுவலகத்தில் கேட்கலாம். 2021-ல் தொடங்கிய மின்னகம் சேவை மைய எண் 94987 94987.

வாடகை வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு இந்த 500 கணக்கே கிடையாது. வீட்டு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கிவிடுவார். இலவச 100 யூனிட்டும் கைக்கு வராது. அவர்களுக்குத்தான் ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம். யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுக்கும் வீட்டில் அந்த 70 யூனிட்டை குறைத்தால் 560 ரூபாய் கையில் நிற்கும்.

அடுத்த ரீடிங் எடுத்ததுமே காலண்டரில் முதல் நம்பரை எழுதிடுங்க. பில் வந்த பிறகு யோசித்து பிரயோஜனம் இல்லை.